தெளிவாக விழுந்த ஒரே படம்

அத்தியாயம் ஆறு

ஐந்து மணிக்கு அதிகாரி வருவார். இப்போது மூன்று பத்து.

துப்பறிவாளன் சந்தேகம் இதை நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டான். கோடு கோணலாகப் போனது. ஸ்கேலை வைத்து மறுபடியும் போட்டான்.

“கோடு நேரா இருந்தா குற்றவாளி தானா வந்து கையைக் கட்டிக்கிட்டு நிப்பானா அத்தான்?” என்றாள் ரேடியோ.

“கொஞ்சம் பேசாம இரு.”

“அதுக்கு வேற ஆள் பாருங்க.”

அவனுக்குச் சந்தேகம் என்று பெயர் வைத்தவளே அவள்தான். மற்ற துப்பறிவாளர்கள் ஊரைச் சந்தேகப்படுவார்கள். இவன் தன்னையே முதலில் சந்தேகப்படுவான். கதவைப் பூட்டி நான்கு படி இறங்கியபின், திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். பதிலுக்கு அவன் வைத்த பெயர் ரேடியோ. மனைவியின் தங்கை. வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் சும்மா கூட வந்தவள், பிறகு சும்மா இருக்க முடியாமல் உதவியாளராகவே ஆகிவிட்டாள்.

மாடியில் இருந்த அந்த ஸ்டூடியோ, நீளவாக்கில் ஒரே அறை. கோடியில் சாம்பல் நிறத் திரை, அதன் முன்னால் ஒரு ஸ்டூல், இரண்டு பக்கமும் குடை விளக்குகள். சுவரில் கண்ணாடியும், யாரும் எடுத்துப் போகாதபடி நூலில் கட்டிய சீப்பும். வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் இப்போது புகைப்படக்காரி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி வைத்திருந்தாள்.

“மொதல்லேர்ந்து சொல்லுங்க. நான் சரியா எழுதியிருக்கேனான்னு பாத்துக்கறேன்” என்றான் சந்தேகம்.

“மூணாவது மொதல்லேர்ந்து” என்றாள் ரேடியோ.

புகைப்படக்காரி சலிக்காமல் சொன்னாள். போன செவ்வாய்க்கிழமை, அரசுத் தேர்வின் கேள்வித்தாள் அச்சாகும் அச்சகத்துக்கு அவள் போயிருந்தாள். அங்கே வேலை செய்பவர்களுக்கு அடையாள அட்டைக்கான படம் எடுக்க வேண்டும். வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். உள்ளே போனது இவளுடைய கேமரா ஒன்றுதான். நாற்பத்தாறு பேர், நாற்பத்தாறு படங்கள். ஆனால் கேமராவின் மெமரி கார்டில் இருந்தவை நாற்பத்தேழு. முப்பதாவது ஆளுக்கும் முப்பத்தோராவது ஆளுக்கும் நடுவில், கேள்வித்தாளின் முதல் பக்கம் முழுசாக உட்கார்ந்திருந்தது. வியாழக்கிழமை அந்தப் பக்கம் ஊர் முழுக்கச் சுற்றியது. தேர்வைத் தள்ளி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை தேர்வு வாரியத்தின் விசாரணை அதிகாரி வந்து கார்டை எடுத்துக்கொண்டு போனார்.

“படத்தைப் பாத்துட்டு அவர் ஒரு வார்த்தை சொன்னார் சார். ‘நாப்பத்தாறு பேர் மூஞ்சியும் மங்கலா இருக்கு, கேள்வித்தாள் மட்டும் பளிச்சுனு இருக்கு. நீங்க எதுல கவனமா இருந்தீங்கன்னு படமே சொல்லுதே’ன்னார். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வேற யாரையாவது காட்டலைன்னா, கேமராவோட சேத்து என்னையும் போலீஸ்ல ஒப்படைப்பாராம்.”

“நீங்க அதுக்கு என்ன சொன்னீங்க?”

“நான் எடுக்கலைன்னேன். நான் எடுத்திருந்தா அதுவும் மங்கலாத்தானே இருந்திருக்கும்.”

சந்தேகத்தின் பேனா நின்றது. நான்கு நாட்களாக அவன் கையில் அகப்பட்ட துப்பு இந்த ஒரு வாக்கியம்தான்.

“நடுவுல எங்கேயாவது போனீங்களா?”

“முப்பது பேர் முடிஞ்சதும் தண்ணி குடிக்கப் போனேன். அஞ்சு நிமிஷம்.”

“அப்போ கேமரா?”

“யார்கிட்டயும் குடுக்கலை சார்.”

கேமரா கைமாறவில்லை என்று எழுதி, அதற்கும் கோடு போட்டான். அறையின் ஓரத்தில் நின்றிருந்த அவள் கணவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மனைவி எங்கே போனாலும் பையும் விளக்கும் தூக்கிக்கொண்டு பின்னால் போவதுதான் அவருடைய உத்தியோகம்.

“எப்போலேர்ந்து மங்கலா விழுது?”

“ஆறு மாசமா. இந்த லென்ஸ் வாங்கினதுலேர்ந்து.”

மேஜையில் இருந்த லென்ஸைக் காட்டினாள். கழுத்து குட்டையாக, வாய் மட்டும் குவளை அகலத்துக்கு இருந்தது. அதன் துவாரம் ஒன்று புள்ளி நான்கு என்கிற அளவு வரைக்கும் திறக்குமாம். அவ்வளவு அகலமாகத் திறந்தால் மங்கிய அறையிலும் படம் எடுக்கலாம். ஆனால் தெளிவாக இருக்கிற இடம் விரல் கனம்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் கரைந்து போய்விடும்.

“கண்ணுல வச்சு எடுக்கறேன் சார். காதுல போய் விழுது. கண்ணு மங்கல், காது முடி ஒவ்வொண்ணும் தெளிவு. என் கைதான் நடுங்குதுன்னு நினைச்சேன். டாக்டர்கிட்டகூடப் போனேன். இந்த வருஷத்தோட தொழிலை விட்டுடலாம்னுதான் இருந்தேன்.”

“காது மூக்கு தொண்டை டாக்டருக்கு நல்லாப் பயன்படுமே அக்கா” என்றாள் ரேடியோ.

புகைப்படக்காரி சிரிக்கவில்லை. சந்தேகம் எழுந்தான். மேஜையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை, பூஜ்யம் கேமராவுக்குப் பக்கத்திலும் முப்பது தள்ளியும் இருக்கும்படி நீளவாக்கில் வைத்தான். பதினைந்தாவது கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியைச் சோப்புத்துண்டில் குத்தி நிறுத்தினான்.

“குச்சியில வச்சு எடுங்க. எந்த எண் தெளிவா விழுதுன்னு பார்ப்போம்.”

அவள் வியூஃபைண்டரில் கண் வைத்தாள். கேமராவின் முதுகில் இருந்த அந்தச் சின்னத் துளையோடு முகத்தைப் புருவம் வரை ஒட்டிக்கொண்டாள். ஒரு சொடுக்கு. ரேடியோ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இருபத்திரெண்டு. ஏழு சென்டிமீட்டர் பின்னாடி.”

சந்தேகம் நோட்டில் கட்டம் போட ஆரம்பித்தான். கைநடுக்கமா? கேமராவை முக்காலி ஸ்டாண்டில் ஏற்றி, கையே படாமல் டைமரில் எடுத்தார்கள். இருபத்திரெண்டு. லென்ஸ் முன்னால் மாட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியா? கழற்றினார்கள். இருபத்திரெண்டு. வெளிச்சம் போதவில்லையா? ஜன்னலைத் திறந்து இரண்டு குடை விளக்கையும் போட்டார்கள். இருபத்திரெண்டு. லென்ஸும் கேமராவும் சேருகிற இடத்தில் இருந்த பித்தளைப் புள்ளிகளை மெல்லிய துணியால் துடைத்தார்கள். அப்போதும் இருபத்திரெண்டு.

“பிடிவாதத்துல எங்க அக்காவைத் தோக்கடிச்சிடும் போலிருக்கே” என்றாள் ரேடியோ.

“கையால திருகி ஃபோகஸ் பண்ணியிருந்தா?” என்று கேட்டான் சந்தேகம்.

புகைப்படக்காரி லென்ஸின் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டினாள். தானியங்கி ஃபோகஸையும் கையால் செய்வதையும் மாற்றுகிற பொத்தானின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. பைக்குள் உரசி உரசித் தானாக மாறிவிடுகிறது என்று வாங்கிய வாரமே ஒட்டினாளாம். டேப்பின் ஓரத்தில் ஆறு மாத அழுக்கு. யாரும் பிரித்து ஒட்டவில்லை.

பிறகு ஆளை மாற்றிப் பார்த்தார்கள். சந்தேகம் எடுத்தான். இருபத்திரெண்டு. ரேடியோ எடுத்தாள். இருபத்திரெண்டு.

மணி நான்கு ஐந்து ஆனபோது சந்தேகத்தின் முகத்தில் அபூர்வமான ஒரு மாறுதல் வந்தது. அவன் தன்னை நம்பத் தொடங்கியிருந்தான்.

“கோளாறு லென்ஸ்லதான். யார் எடுத்தாலும் தப்பும். அப்படின்னா இந்த லென்ஸால கேள்வித்தாளைத் தெளிவா எடுக்கவே முடியாது. வேற கேமராவுல எடுத்து இந்தக் கார்டுல கொண்டுவந்து சேத்திருக்காங்க. அதிகாரி வரட்டும். அவரையே எடுக்கச் சொல்லுவோம். அவருக்கும் இருபத்திரெண்டுதான் விழும்.”

புகைப்படக்காரி கைகளைத் தொடைக்கடியிலிருந்து வெளியே எடுத்தாள். அன்று முதல் முறையாக ஸ்டூலில் நன்றாகச் சாய்ந்து உட்கார நினைத்து, சாய்மானம் இல்லாததால் நிமிர்ந்துகொண்டாள்.

“அத்தான், நோட்டை மூடுங்க. நல்லா வந்திருக்கு. இதுக்கு மேல கிண்டாதீங்க” என்றாள் ரேடியோ.

சந்தேகம் நோட்டைப் பார்த்தான். கட்டத்தில் ஒரு வரி காலியாக இருந்தது. அறையில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வரி என்று போட்டிருந்தான். கணவரின் வரி பாக்கி. ஒரு வரி காலியாக இருந்தால் அவனுக்குத் தூக்கம் வராது. அதிகாரி கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் வேறு.

“சார், நீங்களும் ஒண்ணு எடுத்துடுங்க.”

கணவர் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எனக்கு எதுக்கு சார்? நான் வெறும் பை தூக்கறவன்.”

“சும்மா ஒரு கணக்குக்கு.”

“எடுங்களேன். ஒரு படம்தானே” என்று மனைவி கேமராவை அவர் கையில் திணித்தாள்.

அவர் வாங்கிக்கொண்டார். தடித்த கண்ணாடியோடு வியூஃபைண்டரில் கண் வைக்க அவருக்கு வராது. வைக்கவும் இல்லை. கேமராவின் முதுகில், எழுத்து தேய்ந்துபோன ஒரு பொத்தானை அவர் கட்டைவிரல் பார்க்காமலே தேடி அழுத்தியது. பின்பக்கத் திரை எரிந்தது. கையை நீட்டி, போனில் படம் எடுப்பதுபோலத் தள்ளிப் பிடித்தார். லென்ஸ் கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் தேடி, ஓரிடத்தில் நின்றது. சொடுக்கினார்.

ரேடியோ படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு இன்னும் பெரிதாக்கினாள்.

“பதினஞ்சு. குச்சித் தலையில மருந்து பொரி பொரியா இருக்கறதுகூடத் தெரியுது. கட்டத்துல எழுதிக்குங்க அத்தான்.”

புகைப்படக்காரி எழுந்து வந்து கேமராவை வாங்கினாள். வியூஃபைண்டரில் கண் வைத்து எடுத்தாள். இருபத்திரெண்டு. அந்தத் தேய்ந்த பொத்தானை அழுத்தி, திரையைப் பார்த்து எடுத்தாள். பதினைந்து. மறுபடியும் இருபத்திரெண்டு. மறுபடியும் பதினைந்து.

சந்தேகத்துக்கு மெதுவாகத்தான் புரிந்தது. துளை வழியாகப் பார்க்கும்போது தூரத்தை அளப்பது கேமராவுக்குள் இருக்கிற தனி உறுப்பு ஒன்று. திரை வழியாகப் பார்க்கும்போது படம் விழுகிற இடமே அளந்துகொள்கிறது. இந்த லென்ஸைப் போட்டதிலிருந்து, ஆறு மாதமாக, ஏழு சென்டிமீட்டர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது அந்தத் தனி உறுப்பு. திரை பொய் சொல்லவில்லை.

புகைப்படக்காரி கேமராவை வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தாள். விரல்கள் அசையாமல் இருந்தன.

“என் கை நடுங்கலை” என்றாள்.

அதற்குப் பிறகுதான் கணவரின் பக்கம் திரும்பினாள்.

“கேமராவை யார்கிட்டயும் குடுக்கலைன்னு சொன்னீங்களே” என்று சந்தேகம் கேட்டான். கேட்கும்போதே ஏன் கேட்டோம் என்று இருந்தது.

“அவர்கிட்ட குடுக்கறது குடுக்கறதா சார்? ஆணியில மாட்டற மாதிரி.”

கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். யாரும் அதட்டாமலே சொல்லத் தொடங்கினார். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் பிழை திருத்துகிற மேஜையில் அந்தத் தாள் கிடந்தது. ஆள் இல்லை. மகள் இரண்டு தடவை இந்தத் தேர்வை எழுதி ஓரிரு மதிப்பெண்ணில் விட்டிருந்தாள். மூன்றாவது தடவைக்குப் படித்துப் படித்து ராத்திரியில் சாப்பாடே இறங்குவதில்லை. கை தானாகப் போய்விட்டது.

“அவளுக்குத் தெரியுமா?” என்றாள் மனைவி.

“தெரியும். படத்தைக் காட்டினதும் என்னைக் கண்டபடி திட்டினா. அப்புறம் அழுதா. அப்புறம் வாங்கிக்கிட்டா. கூடப் படிக்கிற ஒருத்திக்கு மட்டும் காட்டினாளாம்.”

“ஒருத்திக்கு” என்றாள் ரேடியோ. ஊர் முழுக்கச் சுற்றியது அந்த ஒருத்தியின் வழியாகத்தான்.

மணி நான்கு நாற்பது. சந்தேகம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“உங்களைக் காப்பாத்த இப்பவும் வழி இருக்கு. திரையில எடுத்தா தெளிவா வரும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, நாப்பத்தாறு பேரையும் அப்படித்தானே எடுத்திருப்பீங்க? டாக்டர்கிட்ட ஏன் போறீங்க? தெரியாததுதான் உங்க சாட்சி. அதிகாரிகிட்ட அதைச் சொல்றேன்.”

“தெரியாததுதான் சாட்சி” என்று அவள் திருப்பிச் சொன்னாள். “இப்போ தெரிஞ்சிடுச்சே சார். நீங்களே சொல்லிக் குடுத்துட்டீங்க.”

சந்தேகம் பேனாவை மூடி வைத்தான்.

“நான்தான்னு சொல்லிடறேன்மா” என்றார் கணவர்.

“நீங்க ரெண்டு கேள்வி தாங்குவீங்க. மூணாவது கேள்விக்குப் பொண்ணு பேர் வந்துடும். பஸ்ல பரிசோதகர் ஏறினா, கையில டிக்கெட்டை வச்சுக்கிட்டே வேர்க்கிற ஆளு நீங்க. அவ பேர் வந்துட்டா இந்தப் பரீட்சைன்னு இல்லை, இனிமே எந்தப் பரீட்சையும் எழுத முடியாது. என்னை எத்தனை கேள்வி கேட்டாலும் என் வாயிலேர்ந்து வராது.”

“அக்கா” என்றாள் ரேடியோ. “எங்க அத்தான் வழக்கமா எதையும் கண்டுபிடிக்க மாட்டார். ஒரே ஒரு தடவை கண்டுபிடிச்சிருக்கார். அதை இப்படிப் பண்ணாதீங்க.”

“அவர் கண்டுபிடிச்சது சரிதான்மா. ஆறு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் என் கை மேல எனக்கு நம்பிக்கை வந்திருக்கு.”

காலி வரியை விட்டுத் தொலைத்திருக்கலாம் என்று சந்தேகம் நினைத்தான். விட்டிருந்தால் அதிகாரிக்கும் இருபத்திரெண்டு விழுந்திருக்கும். இவள் தப்பியிருப்பாள். ஆனால் அது பொய்யான காரணம். உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தான். அது இவளைப் பிடித்துக் கொடுக்கிறது. இந்த இரண்டில் எங்கே தப்பு செய்தோம் என்று நோட்டில் எழுதிப் பார்க்கவும் நேரம் இல்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அதிகாரி உட்காரவில்லை. கையில் கோப்போடு நின்றபடியே கேட்டார். “வேற யாரையாவது காட்டச் சொன்னேனே?”

“யாரும் இல்லைங்க. நான்தான் எடுத்தேன்” என்றாள் புகைப்படக்காரி.

அதிகாரி இதை எதிர்பார்த்ததுபோலவும் இருந்தது, எதிர்பார்க்காததுபோலவும் இருந்தது. “அப்போ இது ஒண்ணு மட்டும் எப்படித் தெளிவா வந்துச்சு?”

அவள் கேமராவை எடுத்தாள். ஒரு ஆசிரியை பாடம் எடுப்பதுபோல வரிசையாகச் செய்து காட்டினாள். துளையில் கண் வைத்து ஒன்று. திரையைப் பார்த்து ஒன்று. ஸ்கேலில் இருபத்திரெண்டு, ஸ்கேலில் பதினைந்து. அதிகாரி குனிந்து இரண்டையும் பார்த்தார்.

“இது தெரிஞ்சும் அந்த நாப்பத்தாறு பேரை ஏன் அப்படி எடுத்தீங்க?”

“எல்லாரும் வரிசையில நின்னாங்க. கண்ணை வச்சு எடுத்தா சீக்கிரம் முடியும். அட்டையில படம் தபால்தலை அளவுதானே, யார் பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்.”

அன்று அவள் சொன்ன பொய்களிலேயே அதுதான் அவள் முகத்தைச் சுருக்கியது. படத்தில் மங்கலாக விழுந்த ஒவ்வொரு கண்ணுக்கும் ஆறு மாதம் அழுதவள் அவள். கணவர் வாயைத் திறந்தார். அவள் அவரைப் பார்க்காமலே, “ஏங்க, ஜன்னலைச் சாத்துங்க” என்றாள். அவர் போய்ச் சாத்தினார்.

“யாருக்காக எடுத்தீங்க?”

“சொல்ல மாட்டேன்.”

அதிகாரி சந்தேகத்தின் பக்கம் திரும்பினார். “நீங்க இவங்க தரப்புல விசாரிக்கிறவர்தானே? நீங்களும் சோதிச்சுப் பாத்தீங்களா?”

நோட்டு அவன் கையில் விரிந்தே இருந்தது. கட்டத்தின் கடைசி வரியில் கணவர் என்றும், அதற்கு நேராகப் பதினைந்து என்றும் அவன் கையெழுத்திலேயே இருந்தது. நோட்டை நீட்டினால் இவள் வீட்டில் இருப்பாள். இரவுக்குள் மகளின் பெயர் வந்துவிடும். நீட்டாவிட்டால், செய்யாத ஒன்றுக்காக ஒருத்தி அதிகாரியோடு கீழே போய் வண்டியில் ஏறுவாள். காப்பாற்றச் சொல்லி அவனிடம் வந்தவளும் அவள்தான், வேண்டாம் என்று அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவளும் அவள்தான்.

“சோதிச்சேன். திரையில பாத்து எடுத்தா தெளிவா விழுது” என்றான். அதில் பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை.

“அப்போ இவங்க சொல்றது பொருந்துது.”

“பொருந்துது.”

ரேடியோ அவன் கையிலிருந்து நோட்டை மெல்ல உருவி, மூடித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதிகாரி ஒரு தாளை மேஜையில் வைத்தார். கேமரா ஒன்று, லென்ஸ் ஒன்று, ஒப்படைக்கப்பட்டது. புகைப்படக்காரி முதலில் கையெழுத்துப் போட்டாள். கோணல் இல்லாத, அழுத்தமான கையெழுத்து.

“சாட்சி ஒருத்தர் வேணும். வீட்டுக்காரரே போடலாம்.”

கணவர் வந்தார். பேனாவைக் கொடுத்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் தன் ஆள்காட்டி விரலைக் கோட்டின்மேல் வைத்தாள்.

“இங்க” என்றாள். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை.